பதினேழு மணிக்கட்டுகள்

தமயந்தி எங்கள் இல்லத்துக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு. அவள் ஆட்டோவிலிருந்து இறங்கிய அரை நிமிடத்தில் பின்னாலேயே ஒரு வெள்ளைக் கார் வந்து எதிர்ச் சுவரோரம் நின்றது. எஞ்சினை அணைத்தார்கள், கதவைத் திறக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் அரசுப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள் நான். கேட்டுக்கு வெளியே காரணமில்லாமல் நிற்கும் வண்டிகளின் லட்சணம் எனக்கு அத்துப்படி.

"கார்ல யாரும்மா?"

"எங்கண்ணன்ங்க." பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். "பதினோரு மாசம் மாடி ரூம்ல வெச்சுப் பூட்டியிருந்தான். நேத்து ஜன்னல் கம்பியக் கழட்டிட்டு வந்துட்டேன்."

"போலீஸுக்குப் போகலியா?"

"எனக்குப் புத்தி சரியில்லன்னு கோர்ட்ல பேப்பர் வாங்கி வெச்சிருக்கான். போனா அவன் கையிலதான் ஒப்படைப்பாங்க. இந்த இல்லத்துல பேரு பதிஞ்சுட்டா அந்தப் பேப்பர் செல்லாதுன்னு வக்கீலம்மா சொன்னாங்க."

வக்கீலம்மா சரியாகத்தான் சொல்லியிருந்தார். பெயர் பதிந்தால் காப்பு. பதியாவிட்டால் அந்த வெள்ளைக் கார். அவளுக்கு வேறு வழி இல்லை.

என் பெயர் மங்கையர்க்கரசி. அதை முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது. டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். அடிபட்டு, துரத்தப்பட்டு ஓடிவரும் பெண்களுக்காகத் திருச்சியில் இருக்கும் இந்தப் புகல் இல்லத்தில் ஒன்பது வருஷமாகக் காப்பாளர். அப்போது உள்ளே பதினேழு பேர் இருந்தார்கள். என் சத்தம் கேட்டால் குக்கரே விசிலை அடக்கிக்கொள்ளும் என்பாள் சமையல் ருக்மணி. இடத்தை ஒழுங்காக வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தமயந்தி திருநங்கை. இருபத்து நான்கு வயது, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர். நல்ல உயரம். குரல் கனமானது, அதைத் தணித்துத் தணித்துப் பேசினாள். திருநங்கை என்பதால் நேரடியாகப் பெயர் பதிய முடியாது. மூன்று நாள் சோதனை உண்டு.

அந்தச் சோதனை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷம் நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நான் பெண் என்று ஒருவர் சொன்னால் அதுவே போதும், சான்று கேட்பதும் உடம்பைச் சோதிப்பதும் கேவலம் என்றது ஒரு கட்சி. பெண்ணாகப் பிறந்து அதற்காகவே அடிபட்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க ஓர் இடமாவது வேண்டும், அதை யாருக்காகவும் திறந்து வைக்க முடியாது என்றது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. வெயிலில் கொடி பிடித்து நடந்தவள். "திருநங்கைக்கு அடி விழுந்தா அவ எந்தக் கதவத் தட்டறது?" என்று எதிர்க்கட்சிப் பெண் ஒருத்தி மைக்கில் கேட்டாள். நான் கோஷத்தின் சத்தத்தைக் கூட்டினேன்.

கடைசியில் இரண்டு கட்சிக்கும் அலுத்துப்போன நேரத்தில் பயமானி வந்தது. மணிக்கட்டில் கட்டும் பட்டை. நாடித் துடிப்பு, வியர்வை, தோலின் சூடு இதையெல்லாம் வைத்து ஒருவருக்கு எவ்வளவு பயம் என்று எண்ணாகச் சொல்லிவிடும். பொய் சொல்ல முடியாது, உடம்பல்லவா பேசுகிறது. வருகிறவர் யார் என்று யாரும் கேட்க வேண்டாம், அவர் வந்தால் உள்ளே இருக்கும் பெண்களுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் பார்ப்போம் என்றார்கள். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டது. எனக்கும் அது மிகவும் நியாயமாகப்பட்டது.

அலுவலக அறையில் உட்கார வைத்து தமயந்திக்கு விளக்கினேன்.

"உள்ள இருக்கறவங்க கையில பட்டை கட்டுவோம். உன் கழுத்துல ஒரு டேக். நீ யாரு பக்கத்துல போறன்னு மெஷினுக்கு அதவெச்சுத் தெரியும். காலையில ஆறு, சாயங்காலம் ஆறு, ரெண்டு வேளையும் எல்லாரும் ஹால்ல நின்னு அட்டெண்டன்ஸ் குடுக்கணும். அப்ப எடுக்கற எண்ணோட சராசரிதான் கணக்கு. முப்பதுக்குள்ள இருந்தா உன் பேரப் பதிஞ்சுடுவேன்."

"தாண்டுனா?"

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நீ வெளிய போகணும்."

ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தாள். பிறகு மேசை மேல் இருந்த டேக்கைப் பார்த்தாள். மஞ்சள் நாடாவில் கோத்த தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக்.

"இத நான் மட்டும் போட்டுக்கணுமா?"

"ஆமா."

"மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. கோபக்காரிதான் நான், கல் நெஞ்சக்காரி அல்ல. அலமாரியைத் திறந்தேன். சோதனைப் பெட்டியோடு இருபத்து நான்கு டேக்குகள் வந்திருந்தன. ஒன்றைத் தவிர மற்றவை பிரிக்காமலே கிடந்தன. பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய் எல்லோரையும் கூப்பிட்டேன்.

"வந்த புள்ளைய யாரும் வேடிக்கை பாக்கக் கூடாது. ஆளுக்கு ஒண்ணு கழுத்துல போட்டுக்குங்க. ருக்மணி, நீயும். இதோ, நானும் போட்டுக்கறேன்."

எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். தமயந்தி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே திருப்தியாக இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அட்டெண்டன்ஸ். இரண்டு வரிசை, கை அளவு இடைவெளி. நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். தமயந்தி இரண்டாம் வரிசையின் ஓரத்தில் நின்றாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். சாப்பாட்டுத் தட்டைக் கழுவாமல் போட்டது யார், தண்ணீர்க் குழாயை மூடாமல் விட்டது யார் என்ற வழக்கமான விசாரணையும் நடந்தது. ஒருத்தருக்கு மூன்று தடவை குறிப்பு எழுதினால் இல்லத்தில் இடம் போய்விடும். அந்த நோட்டு எப்போதும் என் கக்கத்தில் இருக்கும். கையில் இருந்த டேப் திரையில் எண் ஏறிக்கொண்டே போய் நாற்பத்து நான்கில் நின்றது.

பதினேழு மணிக்கட்டிலும் பட்டையின் சின்ன விளக்கு சிவப்பாக இருந்தது. தமயந்தியும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் உதடுகள் வறண்டு போயிருந்தன.

இந்தப் பெண்ணைச் சனிக்கிழமை நானே கேட்டைத் திறந்து அந்தக் காரிடம் அனுப்ப வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை நாற்பத்தைந்து.

அட்டெண்டன்ஸ் முடிந்து துணி துவைக்கும் கல் பக்கம் போனேன். பிலோமினா சோப்புப் போட்ட துணியை அலசாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பத்தொரு வயது. புருஷனிடமிருந்து தப்பி வந்து நாலு மாசம் ஆகிறது. வந்த புதிதில் கட்டிலுக்கு அடியில்தான் படுப்பாள்.

"என்ன, துணியோட பேசிட்டு நிக்கிறியா?" என்றேன்.

பதறித் திரும்பினாள். "இல்ல டீச்சர், இதோ முடிச்சிடறேன்."

"இரு. அந்தப் புள்ளையால உனக்கு ஏதாச்சும் தொந்தரவா?"

"ஐயோ, ஒண்ணும் பண்ணல டீச்சர். நல்ல புள்ளையாத்தான் இருக்கு. காலையில எனக்கு வாளி தூக்கிக் குடுத்துச்சு." துணியை முறுக்கினாள். "ஆனா பாத்ரூம் பக்கம் அந்தக் குரல் கேட்டா என் கை கால் என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. மனசுக்குத் தெரியுது, உடம்புக்குத் தெரியல. நான் கெட்டவளா டீச்சர்?"

"இல்லம்மா."

"பின்ன ஏன் எல்லாரும் என்னையவே சமாதானம் பண்றாங்க? பழகிக்க, பழகிக்கன்னு ருக்மணியக்கா சொல்றாங்க. அந்த வீட்லயும் அதத்தான் சொன்னாங்க. இங்கயும் தூங்கறதுக்குப் பழகணும்னா நான் எங்க டீச்சர் போவேன்?"

அவள் கேட்டதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நான் வெயிலில் நடந்ததே இவளைப் போன்றவர்களுக்காகத்தான்.

மாடிப்படிக்குக் கீழே தமயந்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் கண்ணில் படாமல் இருக்க அந்த மூலையைப் பிடித்திருக்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"எண்ணு எவ்வளவுங்க?"

"நாப்பத்தஞ்சு."

"குறையாதா?"

"தெரியல."

"அந்த அக்கா பயப்படறது எனக்குத் தெரியுதுங்க. நான் குளிக்கக்கூடப் போகல, அவங்க அந்தப் பக்கம் இருக்காங்கன்னு. அதுக்காக மூச்சு விடாம இருக்க முடியுமா?" கொஞ்சம் தயங்கினாள். "எல்லாருக்கும் பட்டை கட்டியிருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன் கட்டல?"

"விண்ணப்பிக்கறவங்களுக்குக் கட்ட மாட்டாங்க."

"கேட்டுக்கு வெளிய அவன் நிக்கிறான். ராத்திரியெல்லாம் நான் கண்ணே மூடல. என் பயத்த எதுல எழுதுவீங்க?"

"சட்டத்த நான் எழுதலம்மா!" என்று எரிந்து விழுந்தேன். பதில் இல்லாதபோது சத்தம் கூடிவிடுகிறது எனக்கு. அவள் முதுகு சுவரில் இடிக்கும் வரை பின்னால் நகர்ந்தாள். பாவமாகத்தான் இருந்தது; ஆனாலும் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை.

மத்தியானம் அந்த அண்ணன் கேட்டருகே வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, மரியாதையான பேச்சு. பெயர் கலியபெருமாள் என்றான்.

"சனிக்கிழமை ஆறு மணிக்கு முடியுதுன்னு சொன்னாங்க. அதுவரைக்கும் காத்திருக்கறதுல எங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லீங்க டீச்சர். வீட்ல ரூமெல்லாம் சரி பண்ணியாச்சு. ஜன்னல அடைச்சுப் பூசியாச்சு."

சிரித்துக்கொண்டே சொன்னான்.

அன்று சாயங்காலம் எண் நாற்பத்தேழுக்குப் போனது. பெயர் கூப்பிட்டுக்கொண்டு இரண்டாம் வரிசைக்கு வந்தேன். "பிலோமினா, மோட்டார் சுவிட்ச அணைக்காம விட்டது நீதானே?" என்று கேட்டேன். அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் தள்ளித் தமயந்தி நின்றிருந்தாள். பிலோமினா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, அப்படியே சரிந்து விழுந்தாள். தமயந்திதான் முதலில் ஓடிப்போய்த் தாங்கினாள். கண் விழித்த பிலோமினா தன்னைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்து அலறினாள். அந்த அலறல் தெரு முனை வரை கேட்டிருக்கும். தமயந்தி கைகளை எடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாள். அந்தக் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். அட்டெண்டன்ஸ் நேரத்தில் தமயந்தியை அரிசி மூட்டை வைக்கும் அறையில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். இரண்டு வேளை எண்ணாவது குறைந்தால் சராசரி இறங்குமே என்று ஒரு நப்பாசை. பிலோமினாவுக்கும் நிம்மதி. என் முப்பத்தேழு வருஷ உத்தியோகத்தில் நான் செய்த முதல் தில்லுமுல்லு அதுதான். அது நல்ல காரியத்துக்கு என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தேன்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். பெயர்களைக் கூப்பிட்டு முடித்து டேப்பைப் பார்த்தேன். நாற்பத்தாறு.

பயமானி கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக வேறெதுவும் தோன்றவில்லை. உடனே மாவட்ட அலுவலகத்தில் அளவை அதிகாரியாக இருக்கும் ஹசீனா பேகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நாற்பது வயசுக்காரர், நிதானமானவர், யார் கத்தினாலும் அசையமாட்டார். இரண்டு மணிக்கு வந்து மடிக்கணினியை என் மேசையில் விரித்தார். பட்டைகளின் பதிவு எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"டீச்சர், இங்க எத்தன பேரு டேக் போட்டிருக்காங்க?"

"எல்லாரும். நான்தான் போடச் சொன்னேன். ஏன், தப்பா?"

"தப்பில்ல. இதுவரைக்கும் எந்த இல்லத்துலயும் இப்படிப் பண்ணதில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தர் மட்டும் டேக் போட்டிருந்தா ஹால்ல இருக்கற பயம் மொத்தத்தையும் மெஷின் அவங்க தலையில போட்டுடும். அதுக்கு வேற ஆளே தெரியாது. இப்ப எல்லார் கழுத்துலயும் இருக்கறதால யாரு பக்கத்துல வர்றப்ப யாருக்கு எண்ணு ஏறுதுன்னு பிரிச்சுப் பாக்க முடியுது."

"அப்ப மெஷின் கெட்டுப்போகல?"

"இல்ல டீச்சர். நல்லாத்தான் இருக்கு."

"தமயந்திக்கு என்ன வருது?"

"இருபத்தேழு. முப்பதுக்குக் கீழ. சாயங்கால எண்ணு வந்தாலும் தாண்டாது. பேரப் பதியலாம்."

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அந்தக் காரைப் பார்த்து, போடா, போய்ப் பூசின ஜன்னலை நீயே கட்டிக்கொண்டு அழு என்று மனசுக்குள் சொன்னேன். அப்புறம்தான் உறைத்தது.

"ஹால்ல நாப்பத்தாறு வந்துச்சே. அது யாரால?"

ஹசீனா திரையை என் பக்கம் திருப்பவில்லை. "அது சட்டப்படி தேவையில்லாத விஷயம்."

"ஹசீனா."

திருப்பினார். பெயர்களும் எண்களும் வரிசையாக இருந்தன. ருக்மணி மூன்று. மற்ற பெண்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு, நான்கு. தமயந்தி இருபத்தேழு. எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியில் என் பெயர், முழுசாக. மங்கையர்க்கரசி, அறுபத்து மூன்று.

நான் அதை மூன்று தடவை வாசித்தேன். யாரோ இன்னொரு மங்கையர்க்கரசி இருக்க வேண்டும் என்றுகூடத் தேடினேன்.

"நான் யாரையும் ஒரு அடிகூட அடிச்சதில்ல," என்றேன்.

"தெரியும் டீச்சர்."

"இவங்களுக்காகத்தான் நான் வீடு வாசலே வேணாம்னு கெடக்கறேன்."

"அதுவும் தெரியும். ஆனா இவங்க எல்லாரும் போக இடம் இல்லாம வந்தவங்க. அந்த இடம் உங்க கையில இருக்கு, உங்க நோட்டுல இருக்கு. நீங்க ஹாலுக்குள்ள வந்தாலே ஏறுது. காலையில தமயந்தி இல்லாமலே நாப்பத்தாறு வந்துச்சுல்ல?"

என் காதில் அது விழுந்தது. விழுந்த மாதிரியே இல்லை. வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். இதற்கு முன் இந்த இல்லத்தில் இரண்டு சோதனைகள் நடந்திருக்கின்றன. இரண்டு பேரும் திருநங்கைகள், இரண்டு பேர் எண்ணும் நாற்பதைத் தாண்டியது, இரண்டு பேரையும் நான்தான் கேட்டைத் திறந்து அனுப்பினேன். ஒருத்தி சேலத்தில் இருக்கிறாள். இன்னொருத்தியைப் பற்றித் தகவல் இல்லை. சட்டம் சொன்னதைச் செய்தோம் என்று நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். அப்போதும் டேக் ஒருத்தர் கழுத்தில்தான் இருந்தது.

"பிலோமினாவுக்கு என்ன காட்டுது?" என்று கேட்டேன். குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது.

"தமயந்தி பக்கத்துல வந்தா எண்பத்தொண்ணு. உங்களுக்கு எழுபத்தாறு."

"எண்பத்தொண்ணா? அப்பறம் எப்படி இருபத்தேழு?"

"மத்தவங்களுக்கு இருபது, இருபத்தஞ்சுதான். பதினேழு பேருக்குச் சராசரி போட்டா இருபத்தேழு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார், "சராசரியில அந்தம்மா காணாமப் போயிட்டாங்க. எனக்கும் அது சரியாப் படல. ஆனா சட்டத்துல ஒத்தை ஆளுக்குக் கட்டம் இல்ல."

ஆக, வெளியே நிற்பவனுக்குப் பயந்து இரண்டு நாளாகத் தூங்காதவளின் பயம் அளக்கப்படவே இல்லை. உள்ளே கட்டிலுக்கு அடியில் படுத்தவளின் பயம் வகுத்தலில் போய்விட்டது. மிச்சம் இருந்த பெரிய எண்ணுக்குச் சொந்தக்காரி நான். இந்த ஒரு பட்டைக்காகத்தான் பதினோரு வருஷம் சண்டை போட்டோம்.

ஹசீனா கிளம்பும்போது கேட்டார். "நீங்க விண்ணப்பதாரர் இல்ல. உங்க எண்ண யாரும் கேக்க மாட்டாங்க. தமயந்தி வரிய மட்டும் வெச்சுட்டு மத்தத அழிச்சிடவா?"

"அழிச்சிடு," என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆபீஸ் போய்ப் பண்ணிடறேன்." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தமயந்தியின் பெயரைப் பதிவேட்டில் எழுதினேன். பிலோமினாவின் படுக்கையைச் சமையலறையை ஒட்டிய சின்ன அறைக்கு மாற்றவும், அந்தப் பக்கத்துக் குளியலறையை அவளுக்கு மட்டுமே விடவும் ருக்மணியிடம் சொன்னேன். அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அலுவலக அறையில் உட்கார்ந்தேன். மணி ஆறானது. எழுந்திருக்கவில்லை. நான் போகாவிட்டால் அவர்களாவது ஒரு வேளை நிம்மதியாக இருப்பார்களே என்று இருந்தது.

டேப் மேசை மேல் இருந்தது. ஆறு மணிக்கு முப்பத்தெட்டு. ஆறு ஐந்துக்கு நாற்பத்தைந்து. ஆறு பத்துக்கு ஐம்பத்திரண்டு. நான் போகவில்லை, ஆனாலும் ஏறியது. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் தாமதமாக வந்ததில்லை. இன்றைக்கு வரவில்லை என்றால் யார் தலை உருளப்போகிறதோ என்று நினைத்திருப்பார்கள். எனக்கும் பயம் வந்தது. இந்த வயசில் முதல் தடவை என்றே சொல்லலாம், அதுவும் என்னைப் பார்த்தே வந்தது.

கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். தமயந்தி.

"எல்லாரும் நிக்கிறாங்க டீச்சர். நீங்க வராம உக்கார மாட்டாங்களாம்."

"உன் பேரப் பதிஞ்சுட்டேன்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கியதும் கேட்டேன், "தமயந்தி, என்னப் பாத்தா உனக்குப் பயமா இருக்கா?"

அவள் பதிவேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இல்லீங்க டீச்சர். நீங்க எங்களுக்கு அம்மா மாதிரி."

அவ்வளவு வேகமாக, அவ்வளவு ஒழுங்காகச் சொன்னாள்.

டேப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். இரண்டு வரிசை, கை அளவு இடைவெளி. எல்லோரும் நிமிர்ந்தார்கள். முப்பத்தேழு வருஷமாக அதற்குப் பெயர் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"உக்காருங்க," என்றேன். பதினேழு பேரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தார்கள். எண் இறங்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். யாருக்கும் குறிப்பு எழுத மாட்டேன். நோட்டு ரூம்ல இருக்கு. என்னப் பாத்துப் பயப்படறவங்க கைய மட்டும் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. பிலோமினா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ருக்மணி கரண்டியோடு வாசலில் நின்று என்னையே பார்த்தாள். பதினேழு மணிக்கட்டிலும் சிவப்பு விளக்கு. என் கையில் எண் எழுபத்தொன்றைத் தொட்டது.

அங்கேயே நின்று ஹசீனாவுக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பட்டியல அழிச்சிட்டியா?"

"இப்பத்தான் திறந்தேன் டீச்சர்."

"அழிக்காத. பழைய ரெண்டு சோதனையையும் சேத்து எழுதி மேல அனுப்பு. முதல் வரி அப்படியே இருக்கட்டும்."

போனை வைத்ததும் பிலோமினா தலை நிமிராமலே கேட்டாள். "யாரை டீச்சர் அனுப்பப் போறீங்க? என்னையா? நான் பழகிக்கறேன் டீச்சர். நிஜமாப் பழகிக்கறேன்."

"உன்ன இல்லம்மா. தமயந்தியையும் இல்ல. என்னையத்தான்."

யாரும் நம்பவில்லை. இதுவும் ஏதோ புது மாதிரி விசாரணை என்று நினைத்து முதுகை இன்னும் நேராக்கிக்கொண்டார்கள். நான் இன்னும் என்ன பேசினாலும் எண் கூடத்தான் போகிறது என்று தெரிந்தது. சாவிக் கொத்தை ருக்மணியின் கையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி வெளியே வந்தேன். பின்னால் ருக்மணி பூட்டும் சத்தம் கேட்டது.

தெருவில் நின்று டேப்பைப் பார்த்தேன். ஐம்பது. நாற்பத்தொன்று. முப்பத்திரண்டு. நான் நின்றுகொண்டிருக்கும்போதே இருபத்து நான்குக்கு வந்து நின்றது. அதற்கும் கீழே போகவில்லை. அந்த மிச்சம் பிலோமினாவுடையதும் இந்தக் காருடையதும் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்க் கதவு திறந்தது. கலியபெருமாள் இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தான். பின்னால் இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள்.

"மணி ஆறு தாண்டிருச்சே டீச்சர். ரிசல்ட் வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"அப்ப வெளிய அனுப்பிடுவீங்கல்ல?"

"அனுப்பியாச்சு," என்றேன். "நான்தான் அது."

அவனுக்கு விளங்கவில்லை. பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே திரும்பிப் போக என்னிடம் சாவி இல்லை. கேட்டில் முதுகைச் சாய்த்து, பள்ளிக்கூட மைதானத்தில் நிற்பதுபோல் கால்களை அகட்டி நின்றுகொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி, "வண்டிய எடுங்கடா!" என்று கத்தினேன்.

அவன் ஓர் அடி பின்னால் வைத்தான்.